கடிதத்தில் இல்லாத சம்பளம்

வெளிநாட்டு வேலைக்கான ஆஃபர் லெட்டர் வந்ததும் வீட்டில் நடக்கும் முதல் காரியம் பெருக்கல். மாதம் 9,000 சிங்கப்பூர் வெள்ளி, வெள்ளிக்கு 66 ரூபாய், பன்னிரண்டு மாதம். கைபேசித் திரையில் 71 லட்சத்துச் சொச்சம் என்று வந்து நிற்கும். சென்னையில் ஆண்டுக்கு 24 லட்சம் வாங்கிக்கொண்டிருப்பவருக்கு இது மூன்று மடங்கு. குழந்தையின் பள்ளிக்கூடம், வாடகை, அம்மாவின் மூட்டுவலி என்று அதற்குப் பிறகு எதைப் பேசினாலும் அந்த 71 லட்சம் நடுவில் உட்கார்ந்திருக்கும்.

இந்தப் பெருக்கலில் இரண்டு பிழைகள் உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: அங்கே விலைவாசி அதிகம். தெரிந்த பிழை என்பதால் அதற்கு ஏதோ ஒரு தோராயக் கழிவு போட்டுக்கொள்கிறார்கள். இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படாதது. கடிதம் ஒரு தனி ஆளுக்கு வருகிறது, கப்பலேறுவது ஒரு குடும்பம். கடிதத்தில் இருப்பது ஒரு சம்பளம். குடும்பம் இப்போது நிற்பது பெரும்பாலும் இரண்டு சம்பளங்களின் மீது. அந்த இரண்டாவது சம்பளம் என்ன ஆகும் என்பதற்குக் கடிதத்தில் ஒரு வரிகூட இருக்காது.

பொருளியல் இதைக் கண்டுகொள்ளவே கொஞ்ச காலம் ஆயிற்று. இடப்பெயர்வை ஒரு முதலீடாகப் பார்க்க வேண்டும், இன்று செலவு செய்து பின்னால் பலன் பெறுகிற காரியம் அது என்று லாரி ஷாஸ்டாட் 1962இல் எழுதினார். அவர் பார்வையில் புலம்பெயர்பவர் தனி மனிதர். 1978இல் ஜேக்கப் மின்சர் குடும்பத்தை உள்ளே கொண்டுவந்தார். ஒரு குடும்பம் நகர்வது அதன் மொத்த ஆதாயத்தைப் பார்த்து. அந்த மொத்தம் கூடுதலாக இருக்கும்போதே உள்ளே ஒருவர் நஷ்டப்பட்டுக்கொண்டிருக்கலாம். அப்படி இழப்போடு கூடவே போகிறவரையும், போனால் லாபம் என்று தெரிந்தும் குடும்பத்துக்காகத் தங்கிவிடுகிறவரையும் அவர் தனித்தனியே பெயரிட்டுப் பிரித்தார். அமெரிக்கக் குடும்பங்களை வைத்து அவர் எழுதியபோது முதல் வகையில் இருந்தவர்கள் பெரும்பாலும் மனைவியர். சென்னையிலும் கோவையிலும் இன்று இரண்டு பேரும் ஐ.டி.யில் இருக்கிற வீடுகளுக்கு அந்தக் கட்டுரை அப்படியே பொருந்துகிறது.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 2015இல் எஸ். இருதயராஜன் குழுவினர் நடத்திய தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, இந்த மாநிலத்திலிருந்து வெளிநாடு சென்றிருப்போர் ஏறக்குறைய 22 லட்சம் பேர் என்று கணித்தது. நாடுகளின் வரிசையில் சிங்கப்பூர் முதலில், ஐக்கிய அரபு அமீரகம் அடுத்து. சிங்கப்பூருக்கான விதிகள் வெளிப்படையானவை என்பதால் கணக்குப் போடவும் தோதான இடம்.

ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கணவருக்கு 32 வயது, மென்பொருள் வேலை, ஆண்டுக்கு 24 லட்சம். மனைவிக்கு 30 வயது, 14 லட்சம். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. சொந்த வீடு இல்லை. கடிதம் கணவருக்கு வந்திருக்கிறது. மனைவிக்கு வந்திருந்தால் கீழே உள்ளதைத் திருப்பிப் படித்துக்கொள்ளலாம், தர்க்கம் மாறாது.

முதலில் சென்னைப் பக்கம். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி கணவருக்கு ஏறக்குறைய 2.93 லட்சம் வரி, மனைவிக்கு 82 ஆயிரம். கைக்கு வருவது சுமார் 34.25 லட்சம். வாடகை, ப்ரீகேஜி, பெட்ரோல், மளிகை, வேலைக்கார அம்மா, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போய்வருவது என எல்லாம் சேர்த்து மாதம் 1,15,000 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 13.8 லட்சம். மிச்சம் சுமார் 20.5 லட்சம். பி.எஃப்.பில் முதலாளி போடுவதையும் கிராஜுவிட்டியையும் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இந்தத் தட்டு இன்னும் கனக்கும்.

இப்போது சிங்கப்பூர். 9,000 வெள்ளிக்கு வரி அதிகமில்லை. மனைவி, குழந்தைக்கான கழிவுகள் போக ஆண்டுக்கு 5,800 வெள்ளிக்குள் முடியும், மாதம் 480 என்று வைப்போம். அங்கே மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிப்பதில்லை, அடுத்த ஆண்டு மொத்தமாக பில் வரும். முதல் ஆண்டு போனவர்கள் ‘இங்கே வரியே இல்லை’ என்று ஊருக்கு போன் பண்ணுவதும், இரண்டாம் ஆண்டு பில்லைப் பார்த்து முழிப்பதும் இதனால்தான். வங்கிக் கணக்கிலிருந்து பன்னிரண்டு தவணையாக எடுத்துக்கொள்ளச் சொல்லலாம், வட்டி கிடையாது.

வாடகைதான் பெரிய தலை. நகரத்தின் ஓரமாக ஒரு வீவக வீடு, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு, 2,900 வெள்ளி. மின்சாரம், தண்ணீர், இணையம், போன் 300. மளிகையும் சாப்பாடும் 1,100. பஸ், ரயில் 250. குழந்தைக்கு முழுநாள் பாலர் பள்ளி 1,300. அங்கே குழந்தைப் பராமரிப்புக்கு அரசு தரும் தாராளமான மானியம் குடிமக்களுக்கு மட்டுமே. மருத்துவமும் காப்பீடும் 250. வருடத்துக்கு ஒரு முறை மூன்று பேர் ஊர் வந்துபோக மாதத்துக்கு 200 எடுத்துவைக்க வேண்டும். துணிமணி, பிறந்தநாள், ஊரிலிருந்து யாராவது வந்தால் சுற்றிக்காட்டுவது என்று 500. இவை என் மதிப்பீடுகள். வீட்டுக்கு வீடு மாறும், ஆனால் நான் தாராளமாகப் போடவில்லை. வரியோடு கூட்டினால் 7,280 வெள்ளி. மிஞ்சுவது மாதம் 1,720. ஆண்டுக்கு 20,640 வெள்ளி, ரூபாயில் 13.6 லட்சம்.

மூன்று மடங்குச் சம்பளத்துக்குப் போன குடும்பம் சென்னையில் சேர்த்ததைவிட ஆண்டுக்கு ஏழு லட்சம் குறைவாகச் சேர்க்கிறது. சம்பளத்தில் யாரும் ஏமாற்றவில்லை, செலவும் ஊதாரித்தனமாக இல்லை. 14 லட்சம் என்ற ஒரு வரி சென்னைப் பக்கத்தில் இருந்தது, இந்தப் பக்கம் இல்லை. அவ்வளவுதான்.

அந்த வரியை இந்தப் பக்கம் கொண்டுவர முடியுமா? இங்கேதான் விதிகள் வருகின்றன. எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருப்பவர் மனைவி மக்களை டிபென்டன்ட் பாஸில் அழைத்துவர மாதம் குறைந்தது 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வேண்டும். நம் குடும்பம் இதைத் தாண்டிவிடுகிறது. முன்பெல்லாம் டிபென்டன்ட் பாஸில் வந்த மனைவி, வேலை தருகிற நிறுவனம் ஒரு ஒப்புதல் கடிதம் வாங்கிவிட்டால் வேலைக்குச் சேர்ந்துவிடலாம். 2021 மே மாதம் முதல் அந்த வழி பெரும்பாலோருக்கு மூடப்பட்டது. இப்போது அவரும் தனக்கென்று ஒரு வேலை அனுமதி பெற வேண்டும், கணவர் ஏறிய அதே படியில் ஏறித்தான் வர வேண்டும்.

அந்தப் படி எவ்வளவு உயரம்? 2025 ஜனவரியிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான அடிமட்டச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித்துறையில் 6,200. இது 23 வயதுக்காரருக்கு. வயது கூடக் கூட ஏறி, 45 வயதில் 10,700 வரை போகிறது. 30 வயதுப் பெண்ணுக்கு ஏறக்குறைய 7,200 வெள்ளிக்குக் குறைந்து வேலை கிடைத்தால் பாஸ் கிடைக்காது. சம்பளம் தேறினாலும் 2023 செப்டம்பரில் வந்த காம்பஸ் என்ற புள்ளிமுறையில் 40 புள்ளி எடுக்க வேண்டும். சம்பளம், படித்த கல்லூரி, அந்த நிறுவனத்தில் எந்தெந்த நாட்டவர் எத்தனை பேர், உள்ளூர்க்காரர் எத்தனை பேர் என்றெல்லாம் அதில் பார்க்கிறார்கள். ஏற்கெனவே இந்தியர் நிறைந்திருக்கும் அலுவலகத்தில் இன்னொரு இந்தியருக்குப் புள்ளி குறையும். எஸ் பாஸ் என்று கீழ்ப்படி ஒன்று உண்டு, ஆனால் அதற்கு நிறுவனவாரியாக ஒதுக்கீடும் மாதத் தீர்வையும் இருப்பதால் முதலாளிகள் யோசிப்பார்கள்.

மனைவிக்கு 7,300 வெள்ளியில் வேலை அமைந்தால் என்ன ஆகும் என்றும் பார்ப்போம். வரி போக, வீட்டு உதவிக்கு ஆண்டுக்கு 12,000 வெள்ளி கூடுதலாகச் செலவழித்தபின், 71,000 வெள்ளிக்கு மேல் அப்படியே சேமிப்பில் சேரும். வாடகை ஏற்கெனவே கொடுத்தாயிற்று, பாலர் பள்ளிக்கும் கட்டியாயிற்று. 13.6 லட்சமாக இருந்த ஆண்டு மிச்சம் 60 லட்சத்தைத் தொடும். 9,000 வெள்ளிச் சம்பளத்தை 9,500 ஆக்கச் சொல்லி எச்.ஆரிடம் மூன்று வாரம் பேரம் பேசுகிற நேரத்தை மனைவியின் பயோடேட்டாவுக்குக் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். 500 வெள்ளி கூடினால் ஆண்டுக்கு வரி போக மூன்றரை லட்சம். இரண்டாவது பாஸ் 47 லட்சம்.

இதே கடிதம் வேறு வீட்டுக்குப் போயிருந்தால் கதை வேறு. மனைவி வேலைக்குப் போகாத குடும்பம் என்றால் சென்னையில் அந்த 24 லட்சத்தில் மிஞ்சுவது 7.3 லட்சம்தான். சிங்கப்பூரில் 13.6. கண்ணை மூடிக்கொண்டு கிளம்பலாம். நம் இரட்டைச் சம்பளக் குடும்பத்துக்கோ, ஒரே ஆள் சம்பாதித்துச் சென்னை மிச்சத்தை எட்ட மாதம் ஏறத்தாழ 10,000 வெள்ளி வேண்டும். அது லாபமல்ல, சரிக்குச் சரி. ‘பத்தாயிரம் வெள்ளி நல்ல சம்பளமா?’ என்று நண்பர்களிடம் விசாரிப்பதில் பயனில்லாமல் போவது இதனால்தான். நல்ல சம்பளமா இல்லையா என்பது கேட்பவரின் வீட்டில் இருக்கிறது.

விலைவாசி விஷயத்துக்கு ஒரு சொல். உலக வங்கியின் ஒப்பீட்டுத் திட்டம் 2017ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டபோது, அமெரிக்காவில் ஒரு டாலர் வாங்குவதை இந்தியாவில் 20.65 ரூபாய் வாங்கியது. சந்தையில் டாலர் அப்போது 65 ரூபாய். இதைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுச் சம்பளத்தை மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள் என்று ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது மறுகோடி. அந்தக் கணக்கு நாடு முழுவதன் சராசரிக் கூடை. முடிவெட்டுவதும் பஸ் டிக்கெட்டும் கீரைக்கட்டும் அதில் கனமாக இருக்கும். நடுத்தரச் சென்னைக் குடும்பத்தின் கூடையில் ஐபோனும் காரும் விமான டிக்கெட்டும் ஆங்கிலவழிப் பள்ளியும் இருக்கின்றன, அவை இங்கும் மலிவில்லை. அதோடு, சேமித்து ஊருக்கு அனுப்புகிற வெள்ளி சந்தை விலைக்குத்தான் ரூபாயாகும். செலவழிக்கிற வெள்ளிக்கு ஒரு மதிப்பு, மிச்சம் பிடிக்கிற வெள்ளிக்கு வேறு மதிப்பு. எனவே வகுக்கவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம். செலவை அந்த ஊர்ப் பணத்திலேயே எழுதிக் கழித்து, மிச்சத்தை மட்டும் ரூபாயாக்குவதுதான் முறை.

அந்த மிச்சத்துக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2015 வாக்கில் ஒரு வெள்ளி 46, 47 ரூபாய். பத்தாண்டில் அது 65ஐத் தாண்டியது. சிங்கப்பூரின் நாணய ஆணையம் 1981 முதல் வட்டி விகிதத்தை வைத்தல்ல, நாணய மாற்று விகிதத்தை வைத்தே விலைவாசியைக் கட்டுப்படுத்துகிறது. வெள்ளி பலவீனமடைந்தால் இறக்குமதிச் சாமான் விலை ஏறும் என்பதால் அதை விழவிடுவதில்லை. அங்கே வங்கியில் கிடக்கும் சேமிப்பு, ரூபாய்க் கண்ணில் தானாகவே கொஞ்சம் வளர்ந்துவந்திருக்கிறது. இது இனியும் நடக்கும் என்று எழுதித் தர முடியாது. ஆனால் நீண்டகாலம் இருக்கப்போகிறவர் இதைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் அதுவும் பிழைதான்.

சென்னைக் குடும்பத்தின் வரவு செலவில் எழுதப்படாத இன்னொரு பெயர் பாட்டி. மாலை நான்கு மணிக்குக் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து தோசை ஊற்றிக்கொடுத்து ஏழு மணி வரை பார்த்துக்கொள்கிறவர். அவருக்குச் சம்பளமில்லை, அவர் இல்லாவிட்டால் மருமகளின் 14 லட்சமும் இல்லை. சிங்கப்பூரில் பெற்றோரை நீண்டகால வருகை அனுமதியில் வைத்துக்கொள்ள மாதம் 12,000 வெள்ளி சம்பளம் வேண்டும். 9,000 வாங்குபவரின் தாயார் சுற்றுலா விசாவில் வந்து பேத்தியைக் கொஞ்சிவிட்டுப் போகலாம், வளர்க்க முடியாது. பணிப்பெண் வைத்துக்கொள்ளலாம், அவருக்குச் சம்பளம் போக, அரசுக்கு மாதம் 300 வெள்ளி தீர்வை. சிறு குழந்தையுள்ள குடிமக்கள் வீட்டுக்கு அதே தீர்வை 60 வெள்ளிதான். மேலே 12,000 வெள்ளி என்று நான் போட்டது பகுதிநேர உதவிக்கு. முழுநேரப் பணிப்பெண் என்றால் இன்னும் கூடும்.

பாட்டிக்கு வேறொரு கணக்கும் உண்டு. ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் குழுக் காப்பீட்டில் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளலாம். மருமகளோ மகனோ வேலையை விடுகிற அன்று அந்தக் காப்பீடும் போய்விடும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள 65 வயதுக்காரருக்குப் புதிதாகத் தனிப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே, குழு பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற வழியிருக்கிறதா என்று கேட்டுவைக்க வேண்டும். கிளம்புகிற அவசரத்தில் பெட்டியின் எடையைப் பத்து முறை பார்க்கிறவர்கள் இதை ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை.

இளம் குடும்பம் என்றால் இரண்டாவது குழந்தையும் பேச்சில் இருக்கும். இந்தியாவில் 2017 திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. சிங்கப்பூரில் குழந்தை குடிமகனாக இல்லாவிட்டால் சட்டப்படி 12 வாரம், அதில் முதலாளி சம்பளம் தர வேண்டியது 8 வாரத்துக்கு. எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத்தர வேண்டும் என்று நிறுவனத்துக்குச் சட்டக் கட்டாயமில்லை. எடுத்தாலும் மனைவி மக்கள் அதில் இருக்கிறார்களா, பிரசவம் உண்டா என்பது பாலிசியின் பின்பக்கத்தில் இருக்கும். அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டவர் மானியமில்லாத கட்டணம்தான் கட்ட வேண்டும். எச்.ஆரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்தக் காப்பீட்டைப் பற்றியது. நம்மவர்கள் சம்பளத்தைக் கேட்பார்கள், லீவைக் கேட்பார்கள், இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

பள்ளி இன்னும் மூன்று ஆண்டில் வரும். அரசுத் தொடக்கப்பள்ளியில் வெளிநாட்டுக் குழந்தைக்கு எல்லோரும் சேர்ந்தபின் மிஞ்சும் இடம்தான். 2024இல் ஆசியான் அல்லாத நாட்டுக் குழந்தைக்கு மாதக் கட்டணம் 888 வெள்ளி, அது ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருக்கிறது. இடம் கிடைக்காவிட்டால் இந்தியப் பாடத்திட்டத் தனியார் பள்ளிகள். அவை இதைவிடக் கணிசமாகக் கூட. நிரந்தரவாசம் கிடைத்தால் கட்டணம் குறையும், சேமநல நிதியில் முதலாளி பங்கும் வரத் தொடங்கும். மகன் இருக்கிற வீட்டில் நிரந்தரவாசம் கூடவே இரண்டாண்டு தேசிய சேவையையும் கொண்டுவரும். அது பணக் கணக்கல்ல, ஆனாலும் விண்ணப்பம் போடும் முன் பேச வேண்டியது.

சேமநல நிதியைப் பற்றிச் சொன்னதால்: பக்கத்து மேசைக்காரர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், உச்சவரம்புக்கு உட்பட்டு, அவருடைய சம்பளத்தின் மேல் 17 விழுக்காடு வரை முதலாளி போடுகிறார். எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரருக்கு அது கிடையாது. சம்பளத்தைப் பேசும்போது நியாயமாகக் கேட்கத் தகுந்த காரணம் இது ஒன்றுதான் என்பேன்.

கிளம்பும் தேதியும் பணம். இந்திய வருமான வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. வேலைக்காக வெளிநாடு போகிற குடிமகன் அந்த ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் அந்த ஆண்டு முழுவதற்கும் அயல்வாசி. அங்கே சம்பாதித்ததற்கு இங்கே வரி இல்லை. செப்டம்பர் மூன்றாவது வாரம் விமானம் ஏறியவருக்கு இது கிடைக்கும். தீபாவளியை வீட்டில் கொண்டாடிவிட்டு நவம்பர் தொடக்கத்தில் போகிறவர் அந்த ஆண்டு இந்தியவாசிதான். நவம்பர் முதல் மார்ச் வரை வாங்கிய 45,000 வெள்ளி, அதாவது கிட்டத்தட்ட 30 லட்சம், அவருடைய இந்திய வருமானத்தோடு சேரும். பெரும்பகுதி 30 விழுக்காடு அடுக்கில் விழும். அங்கே கட்டிய வரியை இரட்டை வரி ஒப்பந்தப்படி கழித்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே வரி சிறிது, இங்கே பெரிது. வித்தியாசம் பல லட்சம். அவ்வளவு விலையுள்ள தீபாவளியை யாரும் தெரிந்து கொண்டாட மாட்டார்கள். சேரும் தேதியை நிறுவனம் சொல்லும் முன் நாமே ஒரு தேதியைச் சொல்வது நல்லது.

அடுத்து, வேலை போனால்? பாஸ் ரத்தானதும் பொதுவாக 30 நாள் தங்க விடுவார்கள். கையில் இரண்டாண்டு வாடகை ஒப்பந்தம் இருக்கும், இரண்டு மாத முன்பணம் வீட்டுக்காரரிடம் இருக்கும். ஒப்பந்தத்தில் டிப்ளமேட்டிக் கிளாஸ் என்று ஒரு பிரிவு போட்டுக்கொள்வது வழக்கம். வேலை போய் நாட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால் இரண்டு மாத அறிவிப்பில் வீட்டை விடலாம், ஆனால் பெரும்பாலும் முதல் பன்னிரண்டு மாதம் முடிந்த பிறகே அது செல்லும். முதல் ஆண்டிலேயே ஆட்குறைப்பு வந்தால் அந்தப் பிரிவு உதவாது. போதாதற்கு, வெளிநாட்டு ஊழியர் விலகும்போது அவருடைய வரிக்கணக்கு முடியும்வரை நிறுவனம் கடைசிச் சம்பளத்தைப் பிடித்துவைக்க வேண்டும் என்பது விதி. அதாவது பணம் அதிகம் தேவைப்படுகிற மாதத்தில் சம்பளம் கைக்கு வராது. முன்பணம், முதல் மாத வாடகை, முத்திரை வரி, விமானச் சீட்டு, கட்டில் மெத்தை என்று போகும்போதே 10,000 வெள்ளிக்கு மேல் இறங்கியிருக்கும். ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இல்லாமல் குடும்பத்தோடு போவது துணிச்சல் அல்ல.

துபாயோடு ஒப்பிட்டால் இவற்றில் பாதி மாறிவிடும். அங்கே வருமான வரி இல்லை. குடும்பத்தை அழைத்துவர 4,000 திர்ஹாம் சம்பளமே போதும். கணவரின் விசாவில் இருக்கும் மனைவிக்கு வேலை தருகிற நிறுவனம் வேலை அனுமதி வாங்கிவிட்டால் அவர் வேலை பார்க்கலாம், இவ்வளவு சம்பளம் இருந்தால்தான் என்ற வயதுவாரிப் படிக்கட்டு கிடையாது. ஆகவே இரட்டைச் சம்பளக் குடும்பத்துக்கு அங்கே கதவு அகலம். ஆனால் அங்கே கடிதத்தில் வேறோர் இடத்தைப் பார்க்க வேண்டும். பணி முடிவில் தரும் கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தின் மீது மட்டும், முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் வீதம். மொத்தம் 20,000 திர்ஹாம் என்று இரண்டு கடிதம் வந்து, ஒன்றில் அடிப்படை 8,000, இன்னொன்றில் 12,000 என்றால், மூன்றாண்டு முடிவில் முதலாவது 16,800 திர்ஹாம் தரும், இரண்டாவது 25,200. வாடகையை ஓராண்டுக்கும் சேர்த்து ஓரிரு காசோலையில் கேட்கிற வீட்டுக்காரர்கள் அங்கே சகஜம் என்பதால் முதல் மாதமே கையில் பெரும்பணம் வேண்டும்.

மறுபடியும் சிங்கப்பூர்க் குடும்பத்துக்கு வருகிறேன். மனைவி வேலையை விட்டுக் கூடப் போய், பாஸ் அமையாமல், மூன்றாண்டு கழித்துத் திரும்பினால் என்ன இழப்பு? மூன்றாண்டுச் சம்பளம் மட்டும் இல்லை. ஆண்டுக்கு 8 விழுக்காடு உயர்வு என்று வைத்தாலும் அவருடைய 14 லட்சம் அதற்குள் 17.6 லட்சமாகியிருக்கும். இடைவெளியோடு திரும்புகிறவருக்குப் பழைய 14 கிடைப்பதே கஷ்டம். அந்த மூன்றரை லட்சத்துக்கு மேலான வித்தியாசம் ஒவ்வொரு ஆண்டும் தொடரும், ஓய்வு பெறும்வரை. மின்சர் சொன்ன இழப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. இது கணவரின் சம்பளச் சீட்டில் என்றுமே தெரியாது என்பதால் வீட்டில் யாரும் இதைச் செலவு என்று எழுதுவதில்லை.

வேறொரு வழியையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணவர் மட்டும் முதலில் போகிறார். வீவக வீட்டில் ஓர் அறை 1,150 வெள்ளி. விளம்பரத்தில் ‘லைட் குக்கிங்’ என்று போட்டிருக்கும்: மேகி கிளறலாம், முட்டை அவிக்கலாம், சாம்பாருக்குத் தாளிக்கக் கூடாது. சாப்பாடு 600, போக்குவரத்தும் போனும் 180, வரி 500, மேல்செலவு 350, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊர் வந்துபோக 250. மிச்சம் மாதம் 5,970 வெள்ளி, ஆண்டுக்கு 47 லட்சம். மனைவி சென்னையில் வேலையில் இருக்கிறார், பாட்டி இருக்கிறார், குழந்தையின் பள்ளி மாறவில்லை. மாதம் 95,000 ரூபாய்ச் செலவுக்கு அவருடைய சம்பளமே போதும், கொஞ்சம் மிஞ்சும். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 49 லட்சம்.

குடும்பமாகப் போய் ஒருவர் மட்டும் சம்பாதிப்பதைவிட இது மூன்றரை மடங்கு. வளைகுடாவுக்கு இரண்டு தலைமுறையாக ஆண்கள் தனியாகப் போனதற்கு விசா விதிகள் மட்டும் காரணமில்லை, கூட்டல் கழித்தலும் அதையேதான் சொல்லிற்று. வருமானத்துக்காக மட்டுமல்லாமல், எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காமல் இருக்கவும் குடும்பங்கள் ஒருவரை வெளியே அனுப்புகின்றன என்று ஓடெட் ஸ்டார்க்கும் டேவிட் புளூமும் 1985இல் எழுதினார்கள். ஒரு சம்பளம் சிங்கப்பூரில், ஒரு சம்பளம் சென்னையில் என்பது அதற்கு நேரடி உதாரணம். ஒன்று போனாலும் மற்றது நிற்கும்.

ஆனால் நான்கு வயதுக் குழந்தை அப்பாவை வீடியோ காலில் பார்த்து வளர்வதற்கு இந்தக் கணக்கில் பத்தி இல்லை, நானும் போட மாட்டேன். அதனால் இதை நிலையான ஏற்பாடாக அல்ல, ஆறு மாதம் என்று கெடு வைத்த ஏற்பாடாகத்தான் பார்க்கிறேன். அந்த ஆறு மாதத்தில் மனைவி சென்னையில் வேலையில் இருந்தபடியே சிங்கப்பூர் வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். வேலையில் இருப்பவருக்குக் கிடைக்கிற பேரம் டிபென்டன்ட் பாஸில் வீட்டில் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை. அங்குள்ள மனிதவள அமைச்சின் இணையதளத்தில் வயது, சம்பளம், கல்லூரி ஆகியவற்றைப் போட்டால் பாஸுக்குத் தேறுமா என்று பார்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, காசில்லை. அவருக்கு எவ்வளவு சம்பளம் கேட்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அவர் பணிபுரியும் நிறுவனத்துக்குச் சிங்கப்பூரில் கிளை இருந்தால் மாற்றல் கேட்பது இன்னும் சுலபம்.

ஆறு மாதத்தில் பாஸ் அமைந்தால் வீடு பார்க்கலாம், இரண்டு சம்பளம் இருப்பதால் ரயிலடிக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். அமையாவிட்டால் இரண்டு கேள்விகள் மிஞ்சும்: மாதம் 10,000 வெள்ளிக்குக் கணவரின் சம்பளம் ஏற வழியிருக்கிறதா, இல்லாவிட்டால் மனைவி சில ஆண்டுகள் வேலையை நிறுத்துவதை அவரே விரும்புகிறாரா? இரண்டாவதற்கு அவர் மட்டும்தான் பதில் சொல்ல முடியும். இரண்டுக்கும் பதில் ‘இல்லை’ என்றால் கணவர் திரும்புவதற்குப் பெரிய செலவில்லை. அறை வாடகைக்கு ஒரு மாத முன்பணம்தான், ஒரு மாத அறிவிப்பில் காலி செய்யலாம். சென்னை வீடு அப்படியே இருக்கிறது, மனைவியின் வேலையும், அந்த வேலை வழியாக எடுத்திருந்தால் பெற்றோரின் காப்பீடும் கையை விட்டுப் போகவில்லை.